பூ ஓயும் முன்னே

பூ பயிரிட்டுப் பிழைக்கிற அந்த வீட்டில் எது வேண்டுமானாலும் நடக்கலாம், பூக்காலத்தில் மட்டும் நடக்கக் கூடாது. பல் வலித்தால் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுப் பூ ஓயும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், எந்தப் பல் வலிக்கிறதோ அதையும் சேர்த்து. கூரை ஒழுகினால் அடியில் ஒரு வாளியை வைக்கலாம், வாளி கிடைத்தால். அந்த நாட்களில் வாளியெல்லாம் பூவுக்குப் போயிருக்கும். சொந்தத்தில் யாராவது கல்யாணம் வைத்துவிட்டால் பத்திரிகையைச் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு, "பூ ஓயட்டும், வந்து பொண்ணு மாப்பிள்ளையப் பார்க்கிறோம்" என்று அனுப்பிவிடுவார்கள்.

புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் அதே கதிதான். காரசாரமாக ஆரம்பித்த சண்டையைப் பாதியில் நிறுத்தி, "இரு, பூ ஓயட்டும், உன்கிட்ட பேசிக்கிறேன்" என்று ஒத்திவைப்பார்கள். பூ ஓய்ந்த பிறகு எதற்காகச் சண்டை போட்டோம் என்று இருவருக்கும் நினைவிருக்காது. அந்த ஒரு விஷயத்தில் அது நல்ல ஏற்பாடுதான்.

வீட்டுக்காரி பிறந்த வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள். அதனால் அவளுக்குச் சின்னவள் என்று பேர். ஐம்பதைத் தாண்டி, தலை முக்கால்வாசி வெளுத்து, முழங்கால் படியேற மறுக்க ஆரம்பித்த பிறகும் அக்காவுக்கு அவள் சின்னவள்தான். அக்கா புருஷன், அதாவது அத்தான், அவளை வெங்காயக்காரி என்பார். அவள் நடுகிற கிழங்குகளைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். சமையலறையில் இருக்கிற வெங்காயத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருமுறை அத்தானே ஒன்றை உரிக்கக் கத்தியை எடுத்தவர். அது விஷம் என்று அக்கா கத்தியதும், கையை மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஹயசிந்த், நார்சிசஸ், ஃப்ரீசியா. மூன்றும் வாசனைப் பூக்கள், மூன்றும் கிழங்கிலிருந்து வருபவை. குளிருக்கு முன் மண்ணில் வைத்துவிட்டால் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும், இருக்கிறதா செத்ததா என்று சொல்லாது. குளிர் விலகியதும் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் ஒன்றாக எழுந்துவிடும். எழுந்த பிறகு மூச்சு விட விடாது. நார்சிசஸைப் பூப்பதற்கு முன்பே வெட்ட வேண்டும். மொட்டு தண்டிலிருந்து கழுத்தைச் சாய்த்துத் தலை குனிந்து நிற்கும்போது கத்தி வைத்தால் சரி. வயலிலேயே விரிந்துவிட்டால் கடைக்காரன் திரும்பிப் பார்க்க மாட்டான், வாடிக்கையாளர் வீட்டில் விரிய வேண்டுமாம். வெட்டின இடத்திலிருந்து வழவழவென்று ஒரு பால் வடியும். அது மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை ஓடி, தோலைச் சிவக்க வைத்து, அரிக்க வைத்து, வெடிக்க வைக்கும். மற்ற பூவோடு ஒரே வாளியில் போட்டால் அந்தப் பால் மற்றதையும் சாகடித்துவிடும். ஆகவே அதற்குத் தனி வாளி, தனித் தண்ணீர், தனி மரியாதை. காலையில் சரியாக இருந்த வரிசை சாயங்காலம் கைமீறிப் போயிருக்கும். குனிந்தவள் நிமிர்வதற்குள் அடுத்த வரிசை கூப்பிடும்.

வாங்குகிறவர்கள் கொத்தில் மூக்கைப் புதைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். "உங்களுக்கென்னம்மா, நாள் முழுக்க இந்த வாசனையிலயே இருக்கீங்க" என்று பொறாமைப்படுவார்கள். சின்னவள் சிரித்து வைப்பாள். அந்த வாசனை அவள் மூக்குக்குத் தெரிவது நின்று எத்தனையோ வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் பூக்காலம் வந்துவிட்டது என்பது அவளுக்கு இடுப்பில்தான் தெரியும்.

வருடத்துக்கு ஒருமுறை அவள் அக்கா வீட்டுக்குப் போவாள். பூ ஓய்ந்த பிறகு இலையை உடனே அறுக்கக் கூடாது. அது தானாகப் பழுத்துச் சாய வேண்டும், அப்போதுதான் கிழங்கு அடுத்த வருடத்துக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் வயலில் அவளுக்கு வேலை கிடையாது. அக்காவின் ஊருக்குப் போய் இறங்கியதும் முதல் இரண்டு நாள் தூங்குவாள். அக்கா எழுப்ப மாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தோளைத் தட்டி, "வாயைத் திற, மிச்சத்தை அப்புறம் தூங்கு" என்பாள்.

அக்கா மகளின் கல்யாணம் பூக்காலத்தின் நட்டநடுவில் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தேதியை மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். சின்னவள் போகவில்லை. பெட்டி பெட்டியாகப் பூ அனுப்பினாள். மண்டபமே மணத்தது என்று எல்லோரும் சொன்னார்கள். இலை பழுக்கிற சமயத்தில் போய் உட்கார்ந்து போட்டோவில் கல்யாணம் பார்த்தாள். அக்கா கோபப்படவில்லை, கேலிதான் செய்தாள். "என் பொண்ணு கல்யாணத்துக்கு பூ வந்துச்சு, பூக்காரி வரல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்று சின்னவளுக்குப் பட்டது. அந்த முள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இந்த வருடம் நார்சிசஸ் பாதி வெட்டியிருந்தது, ஹயசிந்த் வெட்டுக்கு நிறம் காட்ட ஆரம்பித்திருந்தது. கொத்து கட்டும் கொட்டகையில் நின்றபடி அவள் ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டிருந்தபோது அத்தான் போன் செய்தார். கை வழவழத்ததால் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"வெங்காயக்காரி," என்றார்.

"சொல்லுங்க அத்தான்."

"உங்கக்காவுக்கு வயித்துல புண்ணுன்னு சொன்னோம் இல்ல. அது புண்ணு இல்ல. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. மாசக் கணக்கெல்லாம் இல்லம்மா. வாரக் கணக்குதான்."

சின்னவள் கையில் இருந்த கொத்தை வாளியில் வைத்தாள். நேராக நிற்கிறதா என்று பார்த்தாள். அதைத் தவிர அந்த நொடியில் அவளுக்கு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியக் கூடாது. புண்ணு ஆறிக்கிட்டு வருதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவளும் நம்பிட்டு, வர்ற வருஷம் ஜன்னலுக்கு என்ன துணி போடலாம்னு கேட்டுட்டு இருக்கா. நீ வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போ. ஆனா அழுது கிழுது காட்டிக் கொடுத்துடாத. சத்தியமா சொல்லு."

"அழ மாட்டேன் அத்தான்."

போனை வைத்துவிட்டு அவள் மறுபடி கொத்து கட்டினாள். கல் நெஞ்சக்காரி என்று நினைக்க வேண்டாம். கை தன் பாட்டுக்கு ஓடியது, அவ்வளவுதான். எண்ணி எடுக்கிறதும் அடியைத் தட்டிச் சமன் செய்கிறதும் ரப்பரை மாட்டுகிறதும் அவள் இல்லாமலேயே நடந்தன. அழுகைகூட வரவில்லை. அழுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

வீட்டுக்காரர் வயலிலிருந்து இரண்டு வாளியோடு வந்தார். அதிகம் பேசாத மனிதர். வாயில் ஈ புகுந்தாலும் மெதுவாகத்தான் துப்புவார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் வாளிகளைக் கீழே வைத்தார், தலையில் இருந்த துணியை எடுத்தார், பெருமூச்சு விட்டார். அப்புறம் வாய் பழக்கத்தில் அது வந்துவிட்டது.

"பூ ஓயட்டும்..."

சொல்லி முடிக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று அவளுக்கே தெரியாது. அவர்மீது கோபப்பட என்ன நியாயம்? அந்த வார்த்தையை அவர் சொன்னதைவிட அவள் சொன்னதுதான் அதிகம். அக்கா மகளின் கல்யாணத்துக்கும் அவள்தான் சொன்னாள்.

"நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸுல ஏத்தி விடறேன்," என்றார் அவர். "நான் பார்த்துக்கறேன்."

"ஹயசிந்த் நிறம் காட்டிடுச்சு."

"பார்த்துக்கறேன்னு சொல்றேன் இல்ல."

"கத்தியால மேல வெட்டாதீங்க. அடியப் பிடிச்சு இழுக்கணும்."

"நானும் இத்தனை வருஷமா இங்கதானே இருக்கேன்," என்றார் அவர். அவளைப் பார்க்காமல்தான் சொன்னார். காலையில் பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றவர், "ரெண்டு நாள்ல வந்துடுவியா?" என்று கேட்க நினைத்தது முகத்தில் அப்படியே தெரிந்தது. கேட்காததற்காக அவள் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டாள், மனதுக்குள்.

பஸ்ஸில் அவள் தூங்கவில்லை. ஒத்திகை பார்த்தாள். அக்கா முகத்தைப் பார்த்ததும் எப்படிச் சிரிக்க வேண்டும், என்ன பேச வேண்டும், மெலிந்திருந்தால் "பரவால்ல, கொஞ்சம் வத்திட்ட" என்று சொல்லலாமா கூடாதா. கண்ணில் தண்ணீர் வந்தால் தூசி என்று சொல்ல வேண்டும். இல்லை, அது எல்லோரும் சொல்வது, அக்கா நம்ப மாட்டாள். தலைவலி என்று சொல்லலாம். ஜன்னல் துணிக்கு நல்ல நிறமாக ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் திரும்பித் திரும்பி இவளைப் பார்த்தாள். தனக்குத்தானே பேசுகிறாள் என்று நினைத்திருக்கலாம்.

அக்கா வீடு மூன்றாவது மாடி. படியில் இரண்டு தடவை நின்றாள். கதவைத் திறந்த அத்தான் தாடி வளர்ந்து, சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். விரலை உதட்டில் வைத்து, "சிரிச்ச முகமா போ," என்று கிசுகிசுத்தார். சின்னவள் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் ஒருமுறை சிரித்துப் பார்த்துக்கொண்டாள். அத்தான் தலையாட்டினார். தேர்வுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர் மாதிரி முதுகில் தட்டி உள்ளே அனுப்பினார்.

அக்கா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பாதி ஆகிப்போயிருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது, கையில் வளையல் முழங்கைவரை இறங்கும்போல் இருந்தது. ஆனாலும் சின்னவள் ஒத்திகை பார்த்திருந்தபடியே சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள் என்று சொல்ல வேண்டும்.

"சின்னவளே!" அக்காவின் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் நீட்டினாள். "என்னடி, சொல்லாம கொள்ளாம!"

"சும்மா பார்க்கணும்போல இருந்துச்சுக்கா, வந்துட்டேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கோதி, "இளைச்சுட்ட, சாப்பிடறியா இல்லையா" என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். சின்னவள் பதில் சொன்னாள். வீட்டுக்காரரின் முழங்கால், கொட்டகைக் கூரை, பக்கத்து வயல்காரனின் நாய் எல்லாம் சொன்னாள். அக்கா சிரித்தாள். கதவுக்குப் பின்னால் அத்தானின் நிழல் நிம்மதியாக விலகிப் போனது.

அப்புறம் அக்கா பேச்சை நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தெருவோர மரத்தில் இலை இன்னும் சரியாகக்கூட விரியவில்லை. சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பூ ஓய்ஞ்சுடுச்சா?"

சின்னவளுக்குச் சட்டென்று எதுவும் பிடிபடவில்லை. பிறகுதான் பிடிபட்டது. முகத்தை ஒத்திகை பார்த்திருந்தாள், கண்ணீரை ஒத்திகை பார்த்திருந்தாள், ஜன்னல் துணியின் நிறத்தைக்கூட யோசித்து வைத்திருந்தாள். தானும் அத்தானும் இத்தனை ஜாக்கிரதையாகத் திட்டம் போட்டதில் இந்த ஒன்று இருவருக்குமே தோன்றவில்லை.

"ஓய்ஞ்சுடுச்சுக்கா," என்றாள். "இந்த வருஷம் வெயில் முன்னாடியே வந்துடுச்சு இல்ல. எல்லாம் படபடன்னு பூத்துக் கொட்டிடுச்சு. வேலையே இல்ல."

அக்கா அவள் தலையைத் தன் பக்கம் இழுத்தாள். அணைக்கத்தான் இழுக்கிறாள் என்று சின்னவள் நினைத்தாள். அக்கா அவள் காதோரத்தில் மூக்கை வைத்து மெதுவாக மூச்சை இழுத்தாள்.

"கொட்டிடுச்சா?"

"ஆமாக்கா."

"நீ இத்தனை வருஷமா வர்ற. வரும்போதெல்லாம் உன் மேல மண்ணு வாசனைதான் வரும். இன்னைக்குக் கல்யாண மண்டபம் மாதிரி மணக்கிற." அக்கா அவள் தலையை விட்டாள். "உனக்குத் தெரியலையா?"

அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை. முந்தின நாள் முழுக்கப் பூவில்தான் மூழ்கிக் கிடந்தாள், தலைமுடியில், தோலில், பையில், எல்லாவற்றிலும் அது ஏறியிருக்க வேண்டும். பஸ்ஸில் அந்த அம்மாள் ஏன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள் என்பது இப்போதுதான் விளங்கியது.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு வராதவ நீ," என்றாள் அக்கா. கேலியாகச் சொல்லவில்லை. "அவ பிள்ளை பெத்தப்ப வரல. எனக்குக் கால் உடைஞ்சு கட்டு போட்டிருந்தப்ப வரல. பூ ஓயட்டும், பூ ஓயட்டும்னு சொன்ன. இப்ப பூவை நடுவுல போட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்க."

சின்னவள் போர்வையின் சுருக்கத்தை நீவினாள்.

"அவ்வளவு மோசமாடி?"

இதற்கு ஒத்திகை இல்லை. பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை சின்னவள், சந்தையில் கடைக்காரர்களிடம் வாய் கூசாமல் சொல்லுவாள். ஆனால் அக்காவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. அத்தானுக்குக் கொடுத்த சத்தியம் அப்படியே போயிற்று. அழுதாள். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சத்தம் வெளியே போகாமல் போர்வையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அழுதாள். சாகப் போகிறவளிடம் அதைச் சொல்ல வந்த ஆளாகத் தான் ஆகிப்போனதை நினைத்து அழுதாள். கொஞ்ச காலம் முன்பே வந்திருக்கலாம், எத்தனையோ வருடங்களாக வந்திருக்கலாம் என்பதற்கும் சேர்த்துத்தான் அழுதாள்.

அக்கா அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் படுத்திருந்தாள். பிறகு கையை நீட்டி, சின்னவளின் வெடித்துச் சிவந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"கை இப்படியா இருக்கும், வேலை நடக்கும்போது?"

"ம்."

"நான் பார்த்ததே இல்ல. நீ வரும்போது ஆறியிருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "அவர்கிட்ட எனக்குத் தெரிஞ்சதா சொல்லிடாத," என்றாள். "பாவம், ரொம்பச் சிரமப்பட்டு நடிக்கிறாரு. ஜன்னல் துணிக்கு நிறமெல்லாம் பார்த்துட்டு வராரு. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். கல்யாணமானதுல இருந்து அந்த மனுஷன் துணிக்கடைக்குத் தானா போனதில்ல."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அழுத மூக்கோடு சிரிக்கும்போது சின்னவளுக்கு இருமல் வந்துவிட்டது. அக்கா முதுகில் தட்டினாள், தட்டின கையில் பலமே இல்லை.

அப்போது போன் அடித்தது. வீட்டுக்காரர். ரப்பர் பேண்டு டப்பா எங்கே என்று கேட்டார். பலகைக்கு அடியில், பழைய வாளிக்குள் என்று சொன்னாள். ஹயசிந்த் கீழ் வரிசை முழுக்க நிறம் ஏறிவிட்டது, நார்சிசஸ் மிச்சம் தலை குனிந்துவிட்டது, ஆள் ஒருவன்தான் வந்திருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் அவ்வளவு வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை. கடைசியில், பஸ் ஜன்னலுக்குக் கீழே கேட்காததைக் கேட்டுவிட்டார்.

"எப்ப வருவ?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்காவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன அறையில் போனில் வந்த குரல் இருவருக்கும் கேட்டிருந்தது. ரெண்டு நாளில் என்று சொன்னால் பொய். நிஜத்தைச் சொல்ல ஒரு தேதி இல்லை.

"நான் இங்க இருக்கேன்," என்றாள் போனில். "நீங்க வெட்ட முடிஞ்சதை வெட்டுங்க."

"மிச்சம்?"

"மிச்சம் வயல்லயே பூக்கட்டும்."

அந்த வயலில் ஒரு வரிசை முழுதாக விரிந்து நின்றதை இரண்டு பேரும் பார்த்ததே கிடையாது. பிறகு அவர், "சரி," என்றார். "அக்காவக் கேட்டதாச் சொல்லு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு கோடு வழிந்து காதுக்குள் போனது. துடைத்துக்கொள்ளவில்லை. "பைத்தியக்காரி," என்று மட்டும் சொல்லிவிட்டு, மெல்லச் சுவர்ப் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.

"வந்து படு. கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு."

"உன்னப் பார்த்துக்கத்தானேக்கா வந்தேன்."

"அப்புறம் பார்த்துக்கலாம். படு."

சின்னவள் படுத்தாள். இடம் போதவில்லை, முழங்கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் எலும்பு விலாவில் குத்தியது. தூங்கக் கூடாது, விழித்திருந்து ஒவ்வொரு நிமிடமும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. அத்தான் காபியோடு கதவைத் திறப்பதும், "உஷ், இப்பதான் படுத்தா, எழுப்பாதீங்க" என்று அக்கா அவரை விரட்டுவதும் பாதித் தூக்கத்தில் அவளுக்குக் கேட்டது.